டிராவல் டிரெய்லரில் ஏஎம் ரேடியோ கேட்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

வீட்டு மேசையில் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த ரேடியோ, டிரெய்லருக்குள், அதாவது காரின் பின்னால் இழுத்துப்போகும் பயண வீட்டுக்குள், கொண்டுபோனதும் கரகரக்கிறது. உடனே புது ஆன்டெனா வாங்கக் கை நீளும். கொஞ்சம் பொறுங்கள். ஏஎம் கெட்டுப்போக இரண்டு வழிதான் உண்டு. நிலையத்தின் அலை உள்ளே வந்து சேராமல் இருக்கலாம், அல்லது வண்டிக்குள்ளேயே பிறக்கும் இரைச்சல் அதை அமுக்கிவிடலாம். முதல் நோய்க்குத்தான் ஆன்டெனா மருந்து. இரண்டாவதற்கு ஆன்டெனாவை மாற்றினால் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கிக்கொள்வீர்கள்.

இங்கே பேசுவது அமெரிக்க, கனடிய டிரெய்லர்களைப் பற்றி. முகாமில் 120 வோல்ட் வெளி இணைப்பு, உள்ளே 12 வோல்ட் பாட்டரி, ஏஎம் அலைவரிசை 530 முதல் 1700 கிலோஹெர்ட்ஸ் வரை.

முதல் சோதனைக்கு வேண்டியது பாட்டரியில் ஓடும் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று. அதன் ஏஎம் ஆன்டெனா உள்ளே இருக்கும் ஃபெரைட் குச்சிதான்; ஃபெரைட் என்ற காந்தப் பொருளில் செய்து, மேலே கம்பி சுற்றியது. இழுத்து நீட்டும் கம்பி எஃப்எம்முக்கு மட்டும். நடுப்பகலில், சுமாரான பலத்தில் வரும் ஒரு நிலையத்தைப் பிடியுங்கள். இரவில் தொலைதூர நிலையங்கள் புகுந்து குழப்பும். வண்டியிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். ரேடியோவை அதே திசையில் பிடித்தபடி கதவு வழியாக உள்ளே நடந்து வாருங்கள்.

வெளியே தெளிவு, உள்ளே வந்ததும் குரல் மங்கி வெறும் 'ஸ்ஸ்' மட்டும் மிஞ்சுகிறது என்றால் தகரக்கூடு அலையை மறைக்கிறது. வெளியே தெளிவு, உள்ளே உறுமல் அல்லது ரீங்காரம் என்றால் குற்றவாளி வண்டிக்குள் இருக்கிறது. வெளியேயும் மோசம் என்றால் இடமோ நிலையமோதான் காரணம். வண்டியைக் குடைந்து பயனில்லை.

எஃப்எம் நன்றாக வருகிறது, ஏஎம்மில் ஒன்றுமே இல்லை

சுவரில் பதித்த ஸ்டீரியோவில் இதுதான் அதிகம் வரும் புகார். முதலில் அமைப்புப் பட்டியலில் 'லோக்கல்' என்று ஏதும் போட்டிருக்கிறதா பாருங்கள். அது பலமான நிலையங்களில் மட்டும் நிற்கும்படி தேடலைக் கட்டுப்படுத்திவிடும். அந்த ஸ்டீரியோவில் ஏஎம் வசதி இருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ப்ளூடூத், எஃப்எம் மட்டும் உள்ளவையும் விற்பனையில் உண்டு.

பிறகு ஸ்டீரியோவை வெளியே இழுத்து ஆன்டெனா செருகியைப் பாருங்கள். வண்டி குலுங்கும்போது அது பாதி கழன்றிருக்கலாம். எஃப்எம்முக்கு அந்தப் பாதித் தொடுதலே போதும், ஏஎம்முக்குப் போதாது. ஆன்டெனாவின் அடியில் பெருக்கி இருந்தால் அதற்கு 12 வோல்ட் தரவேண்டியது ஸ்டீரியோவின் நீல வயர். டிரெய்லரில் அதை டேப் சுற்றி அப்படியே விட்டுவிடுவது சகஜம். அந்த வயரில் மின்னழுத்தம் இல்லையென்றால் பெருக்கி செத்த பிணம். எஃப்எம் எப்படியோ கசிந்து வரும், ஏஎம் வராது.

அடுத்துக் கேபிள் எங்கே போகிறது என்று தடம் பிடியுங்கள். கூரையில் இருக்கும் டிவி ஆன்டெனாவிலிருந்து ஒரு பிரிப்பான் வழியாக ஸ்டீரியோவுக்கு இழுத்திருந்தால் ஏஎம்மை மறந்துவிடலாம். டிவிக்கான பெருக்கியும் பிரிப்பானும் 50 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வேலை செய்ய அமைந்தவை. ஏஎம் இருப்பதோ 1 மெகாஹெர்ட்ஸ் பக்கம். ஏஎம்மும் எடுக்கும் என்று தெளிவாகக் குறிப்பிட்டு விற்கும் கூட்டு ஆன்டெனாக்களில் அதற்கெனத் தனிக் கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. ஆன்டெனா செருகியைக் கழற்றிவிட்டு, 3 மீட்டர் வயரின் நுனியைச் சீவி, ஸ்டீரியோவின் ஆன்டெனாத் துளையின் நடுமுனையில் மட்டும் படும்படி வையுங்கள். மறுமுனையை ஜன்னல் வழியாக வெளியே தொங்கவிடுங்கள். ஏஎம் உயிர்பெற்றால் ஸ்டீரியோ நலம், ஆன்டெனா அல்லது கேபிள்தான் பழுது. இடி மின்னல் நேரத்தில் இந்த வயரை அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

புது ஆன்டெனா போட்டும் ஏஎம் மட்டும் மங்கல்

பலர் இடறும் இடம் இது. ஏறக்குறைய 78 சென்டிமீட்டர் நீளமுள்ள கார் ஆன்டெனாக் கம்பி, ஏஎம்மின் சுமார் 300 மீட்டர் அலைநீளத்துக்கு முன்னால் ஒரு கொசு. அது சுமார் 10 பிகோஃபாரட் மின்தேக்கி போலத்தான் நடந்துகொள்ளும். கேபிளின் மின்தேக்கம் அதோடு சேர்ந்து சிக்னலைப் பங்கு போட்டுக்கொள்கிறது. டிவிக்குப் பயன்படும் ஆர்ஜி-6 கேபிளில் மீட்டருக்கு 50 பிகோஃபாரட்டுக்கு மேல் இருக்கும். கூரையிலிருந்து 6 மீட்டர் இழுத்தால் 300-ஐத் தாண்டிவிடும்; ஸ்டீரியோவை எட்டுவது முப்பதில் ஒரு பங்குதான். கார் ஆன்டெனாவுக்கென்றே வரும் கேபிளில் நடுக்கம்பி முடிபோல மெல்லியதாக, சுற்றிலும் காற்றிடத்தோடு இருக்கும். அதன் மின்தேக்கம் மிகக் குறைவு. ஆகவே கார் ஆன்டெனாக் கேபிளையே, முடிந்த அளவு குட்டையாகப் போடுங்கள். ஸ்டீரியோவுக்கு நேர் மேலே கூரையில் இடம் இருந்தால், அலங்காரம் பார்க்காமல் அங்கேயே பொருத்துங்கள். நீளம் தவிர்க்க முடியாதென்றால், அடியிலேயே பெருக்கி உள்ள ஆன்டெனா வாங்குங்கள். பெருக்கி கம்பியின் காலடியில் இருக்க வேண்டும். ஸ்டீரியோ பக்கம் வைத்தால் தொலைந்த சிக்னலைத் தேடிப் பெருக்க முடியாது.

தரை இணைப்பும் முக்கியம். பல டிரெய்லர்களின் கூரை மரப்பலகை மேல் ரப்பர் விரிப்பு. காரில் ஆன்டெனாவின் அடி இரும்பில் உட்காரும். இங்கே அது அந்தரத்தில் நிற்கிறது. அப்போது கேபிளின் வெளிவலையே ஆன்டெனாவாக மாறி, சுவருக்குள் ஓடும் வயர்களின் இரைச்சலை வாரிக்கொண்டு வரும். ஆன்டெனா அடியிலிருந்து அலுமினியச் சட்டத்துக்கோ வண்டியின் அடிச்சட்டத்துக்கோ ஒரு பட்டைவலையை (பட்டையாகப் பின்னிய கம்பியை) இழுத்து, பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து முடுக்குங்கள். முழு அலுமினிய உடல் கொண்ட ஏர்ஸ்ட்ரீம் வகை வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே ரேடியோவைக் கொல்லும் அதே கூடு, கூரைமேல் நிற்கும் ஆன்டெனாவுக்கு அருமையான தரை.

வெளி கரண்டில் செருகியதும் உறுமல்

கன்வெர்ட்டர்தான். 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றிப் பாட்டரிக்கு ஏற்றும் பெட்டி அது. உள்ளே மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புவதால், அதன் மடங்குகள் ஏஎம் வரிசை முழுக்க விழுகின்றன. அடையாளம் எளிது: ரேடியோவின் அலைவரிசையை மெதுவாக மாற்றிக்கொண்டே போனால் உறுமல் ஒழுங்கான இடைவெளியில் ஏறி இறங்கும்.

உறுதி செய்ய, மின்பெட்டியில் கன்வெர்ட்டருக்கான பிரேக்கரை அணையுங்கள். உறுமல் நின்றால் நோய் தெரிந்தது. நிற்காவிட்டால் டிவி அடாப்டர், லேப்டாப் சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்.

மலிவான தீர்வு, கேட்கும் நேரத்தில் அந்த பிரேக்கரை அணைத்து வைப்பது. 100 ஆம்பியர்-மணி ஈய பாட்டரியில் பாதியைச் செலவழிக்கலாம் என்று கொண்டால், ரேடியோவும் இரண்டு விளக்கும் சேர்ந்து 2 ஆம்பியர் இழுத்தாலும் 25 மணி நேரம் ஓடும். ஃபர்னஸ் (வண்டியைச் சூடாக்கும் கருவி) விசிறி சுற்றினால் கணக்கு மாறும். மறக்காமல் திரும்பப் போடுங்கள். காலையில் பாட்டரி படுத்துவிட்டது என்று வரும் கேள்விகளில் இந்த மறதிக்கும் பங்கு உண்டு.

நிரந்தரத் தீர்வு வேண்டுமானால், இரைச்சல் எந்த வழியாக ஸ்டீரியோவுக்குள் நுழைகிறது என்று முதலில் பாருங்கள். ஆன்டெனாவைக் கழற்றுங்கள். உறுமல் தொடர்ந்தால் அது 12 வோல்ட் வயர் வழியாக வருகிறது. மறைந்தால் ஆன்டெனா வழி. வயர் வழியென்றால், ஸ்டீரியோவுக்குப் போகும் பிளஸ், மைனஸ் வயர்களைச் சேர்த்துப் பிடித்து, 31 என்ற கலவையில் செய்த 2.4 அங்குல ஃபெரைட் வளையத்தில் 10 முதல் 12 சுற்று சுற்றுங்கள். ஆன்டெனா வழியென்றால், ஆன்டெனாக் கேபிளுக்கு அதே வைத்தியம். சுற்றுகளைக் கூட்டினால் தடுப்பு அதன் வர்க்கமாகக் கூடும்: 12 சுற்று என்பது ஒரு சுற்றைப்போல் 144 மடங்கு. வயர் மேல் 'க்ளிக்' என்று மாட்டும் ஃபெரைட் உருளைகள் 1 மெகாஹெர்ட்ஸில் பெரிதாக ஒன்றும் செய்யாததற்குக் காரணம் இதுதான்; அவற்றில் வயர் ஒரே ஒரு முறைதான் நுழைகிறது.

வெளி கரண்டைப் பிடுங்கியும் இரைச்சல் போகவில்லை

பாட்டரித் துண்டிப்பு சுவிட்சை அணைத்துவிட்டு, டிரான்சிஸ்டரைக் காதருகே வைத்துக் கேளுங்கள். அமைதியாகிவிட்டால் 12 வோல்ட்டில் ஓடும் ஏதோ ஒன்றுதான். சுவிட்சை மறுபடி போட்டு, ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எந்த ஃப்யூஸில் இரைச்சல் நிற்கிறதோ அந்த வரிசையில் தேடுங்கள்.

வழக்கமான சந்தேகப் பட்டியலில் முதலிடம் எல்இடி விளக்குகளுக்கு. பழைய குண்டு பல்புகளை எடுத்துவிட்டுப் போடும் மலிவான எல்இடிகளில் சிலவற்றுக்குள் ஒரு குட்டி வெட்டுச்சுற்று இருக்கிறது. வெறும் மின்தடை வைத்துச் செய்தவை சற்றுச் சூடாகும், மின்சாரமும் கொஞ்சம் வீணாகும், ஆனால் வாய் திறக்காது. இருபது பல்பு வாங்குவதற்கு முன் ஒன்று மட்டும் வாங்கி, 12 வோல்ட் பாட்டரியில் எரியவிட்டு, ஒரு அடி தூரத்தில் டிரான்சிஸ்டரை நிலையம் ஏதும் இல்லாத வெற்று அலைவரிசையில் வைத்துக் கேளுங்கள். சீறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, சுவரில் பதித்த யுஎஸ்பி சார்ஜர் துளைகள். நீல விளக்கு எரியும் அந்த வட்டத் துளை, போன் செருகாவிட்டாலும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஒரு சின்ன சுவிட்ச் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இன்வெர்ட்டர், டிவி ஆன்டெனாப் பெருக்கி, கூரை விசிறியின் வேகக் கட்டுப்பாடு இவற்றையும் அணைத்துப் பாருங்கள். தண்ணீர் பம்ப், ஃபர்னஸ் விசிறி மோட்டார்களின் கார்பன் பிரஷ் பொறியால் வரும் கரகரப்பு, அவை ஓடும்போது மட்டும் வந்து போகும், சும்மா விட்டுவிடலாம்.

துண்டிப்பு சுவிட்சை அணைத்தும் இரைச்சல் தொடர்கிறது, அதுவும் வெயில் இருக்கும்போது மட்டும் என்றால் சோலார் கட்டுப்படுத்தி. பல வண்டிகளில் அது துண்டிப்பு சுவிட்சைத் தாண்டி நேரே பாட்டரியில் இணைந்திருக்கும், ஆகவே மேலே சொன்ன சோதனையில் தப்பித்துவிடும். மேகம் மறைக்கும்போது இரைச்சலின் சுருதி மாறினால் சந்தேகமே வேண்டாம். பேனலிலிருந்து வரும் இரண்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கி, கட்டுப்படுத்திக்குப் பக்கத்தில் பெரிய ஃபெரைட் வளையத்தில் ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். கூரையில் பிரிந்து ஓடும் வயர்கள் அருமையான இரைச்சல் ஆன்டெனா. இரண்டு வயரும் எவ்வளவு ஒட்டி ஓடுகின்றனவோ அவ்வளவு நல்லது.

இரைச்சல் இல்லை, ஆனால் உள்ளே உயிரே இல்லை

இது தகரக்கூட்டின் வேலை. 1 மெகாஹெர்ட்ஸில் அலுமினியத்துக்குள் 0.08 மில்லிமீட்டர் போவதற்குள் அலையின் பலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். வெளித்தகடோ அதைவிடப் பல மடங்கு தடிமன். ஜன்னல் ஒன்றுதான் வழி. டிரான்சிஸ்டரை ஜன்னல் விளிம்பில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். ஒரு கை நீளம் நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும்.

அதுவும் போதாதென்றால் ஒரு வளைய ஆன்டெனா. கடையில் 9 அங்குல வட்டத்தில், திருகியோடு, கரண்ட் தேவையில்லாமல் கிடைக்கிறது. கையால் செய்தால் இன்னும் பெரிதாகச் செய்யலாம். 45 சென்டிமீட்டர் பக்கமுள்ள மரச் சதுரத்தில், சுற்றுக்குச் சுற்று 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, உறை போட்ட மெல்லிய வயரை 16 சுற்று சுற்றுங்கள். 30 மீட்டர் வயர் வாங்கினால் போதும். இரு முனைகளையும் பழைய ரேடியோவில் வரும் 365 பிகோஃபாரட் மாறும் மின்தேக்கியில் இணையுங்கள். ரேடியோவுக்கு எந்த வயரும் போகாது. 540 கிலோஹெர்ட்ஸை எட்டவில்லையென்றால் ஒரு சுற்றுக் கூட்டுங்கள்; 1700 பக்கம் எட்டவில்லையென்றால் ஒன்றைக் குறையுங்கள். உலோகச் சட்டத்தில் சுற்றாதீர்கள்.

வைக்கும் விதத்தில்தான் பலர் தோற்கிறார்கள். ரேடியோவின் ஃபெரைட் குச்சி பெரும்பாலும் அதன் நீளவாக்கில், மேல்பக்கம் இருக்கும். அந்தக் குச்சி வளையத்தைக் குத்தி நுழைவதுபோல், வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தாக ரேடியோவை வையுங்கள். முதலில் ரேடியோவில் நிலையத்தைப் பிடியுங்கள், பிறகு வளையத்தின் திருகியை மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் குரல் திடீரென்று எழும்பும். தலைமுடி அளவு தாண்டினால் விழுந்துவிடும். கடைசியாக இரண்டையும் சேர்த்துத் திருப்பி, வளையத்தின் விளிம்பு நிலையத்தை நோக்கும்படி வையுங்கள்.

வளையத்தை வெளியே மடக்கு மேசையில் வைத்து அங்கேயே கேட்பது சிறப்பு. உள்ளே ஸ்பீக்கரில் கேட்க வேண்டுமென்றால், டிரான்சிஸ்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஸ்டீரியோவின் ஆக்ஸ் துளைக்கு 3.5 மில்லிமீட்டர் வயர் போடுங்கள். அப்போது டிரான்சிஸ்டர் தன் சொந்த பாட்டரியில்தான் ஓட வேண்டும். நேர்மையாகச் சொன்னால், பதித்த ஸ்டீரியோவோடு மல்லுக்கட்டுவதைவிட இந்த ஏற்பாடு பல வண்டிகளில் குறைந்த செலவில் நன்றாகக் கேட்கும்.

எண் கிட்டத்தட்ட சரி, ஆனால் குரல் கோணலாக ஒலிக்கிறது

இந்தியாவிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் ரேடியோவா? அங்கே நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில்; அமெரிக்காவில் 10. டென்வரின் 850-ஐப் பிடிக்கப் போனால் ரேடியோ 846-லும் 855-லும்தான் நிற்கும். இரண்டுக்கும் பொதுவான எண்கள் 90 கிலோஹெர்ட்ஸுக்கு ஒருமுறைதான் வரும்; சென்னை வானொலியின் 'ஏ' நிலையம் இருக்கும் 720-ல் சிகாகோவின் டபிள்யூஜிஎன் சுத்தமாகக் கேட்டு உங்களை ஏமாற்றும். பல ரேடியோக்களில் 9/10 மாற்றும் வசதி உண்டு. பாட்டரிக் கதவுக்குள் சின்ன சுவிட்சாகவோ, அணைத்த நிலையில் நெடுநேரம் அழுத்தும் பட்டனாகவோ இருக்கும்.

மழைக்குப் பிறகு மங்கிவிட்டது

ஆன்டெனா அடியில் தண்ணீர். மல்டிமீட்டரில் கேபிளின் நடுமுனைக்கும் ஆன்டெனாக் கம்பிக்கும் இடையே 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். நடுமுனைக்கும் வெளிவலைக்கும் இடையே எதுவுமே காட்டக்கூடாது. அடியில் பெருக்கி உள்ள ஆன்டெனாவுக்கு இந்த அளவு பொருந்தாது. பச்சை பூத்திருந்தால் கேபிளையே மாற்றுங்கள், சுரண்டி ஒட்டுவது அடுத்த மழை வரைதான். திரும்பப் பொருத்தும்போது அடியில் ப்யூட்டைல் டேப் (நீர் புகாத ஒட்டுப் பட்டை), மேலே ரப்பர் கூரைக்கான லாப் சீலன்ட் (அடைக்கும் பசை). சாதாரண சிலிக்கான் ரப்பர் கூரையில் சரியாக ஒட்டாது. பின்னால் எதையும் அதன்மேல் ஒட்டவும் விடாது.

இரவில் ஏறி இறங்குகிறது, இரண்டு நிலையம் கலந்து கேட்கிறது

பழுது இல்லை. பகலில் அலையை விழுங்கும் வானத்தின் கீழ் அயனி அடுக்கு சூரியன் மறைந்ததும் கரைந்துவிடும். அதற்கு மேலே உள்ள அடுக்கில் பட்டுத் தெறித்து, நூற்றுக்கணக்கான மைல் தாண்டி நிலையங்கள் வரும். அதே காரணத்துக்காகப் பல உள்ளூர் நிலையங்கள் இரவில் சக்தியைக் குறைக்கவோ மூடவோ வேண்டும் என்பது விதி. பகலில் கேட்ட நிலையம் மாலையில் காணாமல் போனால் ஸ்டீரியோவைப் பிரிக்காதீர்கள். டிரான்சிஸ்டரைத் திருப்பி, குச்சியின் முனை வேண்டாத நிலையத்தை நோக்கும்படி வைத்தால் அது அமுங்கிவிடும்.

டிக்... டிக்... டிக்

நொடிக்கு ஒன்று வீதம் கடிகாரம்போல் அடித்தால் பக்கத்து மேய்ச்சல் நிலத்தின் மின்வேலி. வேகமாகச் சில நொடி அடித்து நின்றால் காஸில் ஓடும் ஃபிரிட்ஜோ வாட்டர் ஹீட்டரோ தீ மூட்டுகிறது. அடிக்கடி வந்தால் பர்னரைத்தான் கவனிக்க வேண்டும். ஒழுங்கே இல்லாமல் வெடித்தால் எங்கோ இடி.

இந்த முகாமில் மட்டும்

தலைக்கு மேலே மின்கம்பி, பக்கத்து வண்டியின் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர், கீழே புதைத்த கேபிள். டிரான்சிஸ்டரை வெற்று அலைவரிசையில் வைத்துக்கொண்டு நடந்தால், குச்சியின் முனை இரைச்சலை நோக்கும்போது அது தணியும். இரண்டு இடங்களிலிருந்து அப்படிப் பார்த்தால் திசைகள் சந்திக்கும் இடம் தெரிந்துவிடும். மின்கம்பி என்றால் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை, இடம் மாறுவதைத் தவிர. அதனால் இந்த நடையை வண்டியைக் கொக்கியிலிருந்து கழற்றி, கால்களை இறக்குவதற்கு முன்பே நடந்துவிடுங்கள்.